பிள்ளையைப் போல ஆவது என்றால் கேள்வி கேட்காமல் இருப்பதா?

ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது: "20 வருஷமாக விசுவாசத்தில் இருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் பாடமும் எடுக்கிறேன். வேதத்தில் ஏதாவது சந்தேகம் கேட்டால் எங்கள் சபையில் 'சிறுபிள்ளையைப் போல நம்புங்கள்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் பவுல் 'புத்தியிலே குழந்தைகளாயிராதேயுங்கள்' என்கிறாரே. எதை எடுத்துக்கொள்வது? பிள்ளையைப் போலத் தாழ்மையாக, கற்றுக்கொள்ளும் மனதோடு இருப்பது என்றால் உண்மையில் என்ன?"

சகோதரி, அந்த வசனத்தை உங்களிடம் சொல்பவர்கள் அது முதலில் யாரிடம் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதைக் கவனித்தாலே உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி உங்களுக்கும் எனக்கும் சேர்த்தே கஷ்டமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மத்தேயு 18-ஐத் திறந்து பாருங்கள். "பரலோகராஜ்யத்தில் எவன் பெரியவனாயிருப்பான்?" என்று வந்து கேட்டவர்கள் சீஷர்கள், ஊர் ஜனங்கள் இல்லை. மாற்கு தம் 9-ஆம் அதிகாரத்தில் இன்னும் சங்கடமான விவரம் ஒன்றைத் தருகிறார். கப்பர்நகூமுக்கு வரும் வழியில், தங்களில் யார் பெரியவன் என்று அவர்கள் வாக்குவாதம் பண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்ததும் இயேசு, வழியில் என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேர்தல் நேரத்தில் சபைக் கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் போதகர் திடீரென்று நுழைந்தால் ஒரு மௌனம் விழுமே, அப்படிப்பட்ட மௌனம்.

இவர்கள் புதிதாக வந்தவர்களும் இல்லை. ஊழியத்துக்கு அனுப்பப்பட்டு, பிசாசுகளைத் துரத்தி, நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிச் சுகமாக்கித் திரும்பியவர்கள். நாளைக்குச் சபையை நடத்தப்போகிறவர்கள். அவர்கள் நடுவில்தான் ஒரு பிள்ளையை நிறுத்தி, "நீங்கள் மனந்திரும்பிப் பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால்" என்றார். அதாவது அந்த வார்த்தை மேடையில் இருப்பவர்களுக்கு, அல்லது மேடைக்கு ஆசைப்படுகிறவர்களுக்குச் சொன்னது. மைக்கைக் கையில் வைத்திருக்கிறவர் அதைக் கீழே உட்கார்ந்திருப்பவரின் வாயை அடைக்க எடுத்தால், வசனம் தலைகீழாகிவிடுகிறது. இதே அதிகாரத்தில் நான்கைந்து வரி தள்ளித்தான், கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்ற வசனம் வருகிறது. சிறியவர்களை இடறப்பண்ணுகிறவர்களுக்கு அவ்வளவு கடுமையான எச்சரிக்கை. இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பிரசங்கித்து நான் அதிகம் கேட்டதில்லை.

சரி, ஏன் பிள்ளை? நம் வீடுகளில் இன்று பிள்ளைதான் ராஜா. டியூஷன் நேரத்தைப் பார்த்துத்தான் ஜெபக்கூட்டத்துக்கே நேரம் குறிக்கிறோம். அதனால் "பிள்ளையைப் போல" என்றதும் நமக்குச் சூதுவாது இல்லாத வெள்ளை மனசுதான் ஞாபகம் வருகிறது. பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆக்‌ஷன் பாட்டுக்கு முதல் வரிசையில் யார் நிற்பது என்று அடித்துக்கொள்வதும், பக்கத்துப் பையனின் கிரேயானை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வதும் பிள்ளைகள்தான்.

அந்தக் காலத்தில் பிள்ளைக்கு வேறு அர்த்தம் இருந்தது. கி.மு. 1-ஆம் ஆண்டில் அலெக்சந்திரியாவில் வேலைக்குப் போயிருந்த ஹிலாரியோன் என்ற ஆள், ஊரில் கர்ப்பமாக இருந்த மனைவி அலிஸுக்கு எழுதிய கடிதம் எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்தது. கூலி கைக்கு வந்ததும் அனுப்புகிறேன், சின்னவனைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் பாசமாக எழுதுகிறவன், அதே மூச்சில், பிறப்பது ஆணானால் வைத்துக்கொள், பெண்ணானால் வெளியே போட்டுவிடு என்கிறான். யூதர்கள் இந்த வழக்கத்தை வெறுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பெரியவர்கள் பேசும் இடத்தில் பிள்ளைக்குக் குரல் கிடையாது. பவுலே கலாத்தியர் 4-இல், சொத்துக்கு வாரிசாக இருந்தாலும் சிறுபிள்ளையாக இருக்கும் காலம் வரைக்கும் அவனுக்கும் அடிமைக்கும் வித்தியாசமில்லை என்கிறார். கிரேக்கத்தில் "பாய்ஸ்" என்ற ஒரே சொல் பிள்ளையையும் குறிக்கும், வேலைக்காரனையும் குறிக்கும்.

ஆகவே இயேசு நடுவில் நிறுத்தியது கள்ளங்கபடமில்லாமைக்கு ஒரு சின்னத்தை அல்ல, அந்த அறையிலேயே கடைசி இடத்தில் இருந்த ஆளை. உங்கள் நாற்காலியை விட்டு இறங்கி இந்த இடத்துக்கு வாருங்கள் என்பதுதான் பேச்சு. "இந்தப் பிள்ளையைப்போலத் தன்னைத் தாழ்த்துகிறவன்" என்று அடுத்த வசனம் சொல்வதும் அதைத்தான். கேள்வி கேட்கக் கூடாது என்பது இதில் எங்கே இருக்கிறது? கேள்வி கேட்காத பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பவுலுக்கு வருவோம். இயேசு சொன்ன "பிள்ளை" வேறு, பவுல் சொன்ன "குழந்தை" வேறு, கிரேக்கத்தில் இரண்டும் வெவ்வேறு சொல் என்று சிலர் விளக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நிற்காது. மத்தேயு 18-இல் இருக்கும் "பைதியோன்" என்ற சொல்லைத்தான் பவுல் 1 கொரிந்தியர் 14:20-இல் "புத்தியிலே குழந்தைகளாயிராதேயுங்கள்" என்னும் இடத்தில் பன்மையில் எழுதுகிறார். சொல் ஒன்றுதான், எதில் பிள்ளையாக இருப்பது என்பதுதான் வேறு. அந்த வசனம் அதோடு நிற்கவில்லை. துர்க்குணத்திலே குழந்தைகளாயும், புத்தியிலோ தேறினவர்களாயும் இருக்கச் சொல்கிறது. இயேசு இறங்கச் சொன்னது அந்தஸ்திலிருந்து. மூளையைக் கழற்றி வாசலில் வைக்கும்படி அவரும் சொல்லவில்லை, பவுலும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கஷ்டமான பாதி. கற்றுக்கொள்ளும் மனது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரசங்கத்துக்கு நோட்டும் பேனாவுமாக உட்காருவதை வைத்துச் சொல்ல முடியாது. பெரிய ஊழியக்காரரிடம் கற்றுக்கொள்ள யாருக்குத்தான் கசக்கும்? அதில் நமக்கு ஒரு பெருமைகூட உண்டு. நமக்குக் கீழே என்று நாம் வைத்திருக்கும் ஆள் வாயிலிருந்து வரும்போது அது உள்ளே இறங்குகிறதா என்பதுதான் சோதனை.

நாகமான் கதை முழுக்க இதுதான். 2 இராஜாக்கள் 5-ஐ ஞாயிறு பள்ளியில் குஷ்டரோகக் கதையாக எத்தனையோ தடவை நடத்தியிருப்பீர்கள். ஒரு தடவை அதை யார் யார் பேசுகிறார்கள் என்று மட்டும் பார்த்து வாசியுங்கள். சீரியா ராஜாவின் படைத்தலைவன் அவன், குஷ்டரோகி. பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று வஸ்திரம், கையில் ராஜாவின் கடிதம் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். அவனைக் கிளப்பிவிட்டது யார்? போரில் பிடித்துவந்து அவன் மனைவிக்கு வேலைக்காரியாக வைத்திருந்த சிறு பெண். பேர்கூட எழுதப்படவில்லை. ராஜாக்கள் இருவரும் விஷயத்தைக் குழப்புகிறார்கள். இஸ்ரவேலின் ராஜா கடிதத்தைப் பார்த்துவிட்டு, சண்டைக்கு இழுக்கிறான் என்று வஸ்திரத்தையே கிழித்துக்கொள்கிறான். தீர்க்கதரிசி எலிசா வெளியே வந்து முகம்கூடக் காட்டாமல், யோர்தானில் ஏழு தரம் முழுகச் சொல்லி ஆளனுப்புகிறார். நாகமானுக்குக் கோபம் பொங்குகிறது. எங்கள் தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இந்தத் தண்ணீரைவிட மட்டமா என்று திரும்பிப் போகிறான். அவனை நிறுத்துகிறவர்களும் வேலைக்காரர்கள்தான்: தகப்பனே, பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா?

கடைசியில் முழுகி எழுந்தபோது அவன் மாம்சம் "ஒரு சிறுபிள்ளையின் மாம்சத்தைப்போல" மாறியது என்று எழுதியிருக்கிறது. எபிரேயத்தில் தொடக்கத்தில் வந்த அந்தச் சிறு பெண்ணுக்கு "நஅரா கெத்தன்னா" என்ற சொற்கள். இங்கே "நஅர் காட்டோன்". அதே சொற்கள், ஆண்பாலில். சிறு பெண்ணின் பேச்சைக் கேட்டுக் கிளம்பிய படைத்தலைவன் சிறு பையனின் தோலோடு எழுகிறான். எழுதியவர் இதைத் தெரியாமல் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இஸ்ரவேலின் தேவனைத் தவிர வேறே தேவன் இல்லை என்று அறிந்ததாக அவன் சொல்வது அதற்குப் பிறகுதான். கீழே இருக்கிறவர்கள் பேச்சைக் கேட்டது முதலில் நடந்திருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் இதற்கு ஜோடி அப்பொல்லோ. அலெக்சந்திரியாவில் பிறந்தவர், சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர். எபேசுவில் ஜெபஆலயத்தில் அவர் பேசியதைக் கூடாரம் செய்யும் தொழில்காரத் தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டுவிட்டு, தனியாக அழைத்துப்போய் விவரித்துச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெண். பழமையான கிரேக்கப் பிரதிகளில் அந்த இடத்தில் பிரிஸ்கில்லாள் பெயர்தான் முதலில் வருகிறது. அப்பொல்லோ கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஆனால் நம் கன்வென்ஷன் பிரசங்கியார் ஒருவரை, கூட்டம் முடிந்ததும் ஒரு தையல்கார அக்கா கூப்பிட்டு, "தம்பி, அந்த இடம் முழுசா சரியில்லை" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

எல்லாரும் சொல்வதையெல்லாம் அப்படியே விழுங்க வேண்டும் என்பதும் இல்லை. பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17:11 நற்குணசாலிகள் என்கிறது. ஒரே வசனத்தில் இரண்டு வேலை செய்கிறார்கள்: மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொள்கிறார்கள், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் பார்க்கிறார்கள். சோதித்துப் பார்த்தது யாருடைய பிரசங்கத்தை? பவுலுடையதை. அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதாக எங்கும் இல்லை.

நம் மண்ணிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மறுநாள் அவருக்கு 24 வயது முடிந்தது. ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தவர், டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக் அனுப்பி வந்தவர். அவருக்கும் கூட வந்த புளூட்சோவுக்கும் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஊரிலிருந்த வயதான வாத்தியார் ஒருவரைப் பள்ளிக்கூடத்தோடு தங்கள் வீட்டுக்கே வரச் செய்து, பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்கள். கற்பிக்க வந்தவர்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். சில வருஷங்களில் அவர் தமிழில் பிரசங்கம் செய்தார், தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பட்டியல் போட்டார், அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சில் முடிந்தது.

அவர் ஒன்றும் சாந்தசொரூபி இல்லை. டேனிஷ் கோட்டைத் தளபதியோடு மோதி நான்கு மாதம் சிறையில் இருந்தவர். கற்றுக்கொள்ளும் மனது வேறு, மெதுவாகப் பேசும் சுபாவம் வேறு. நம் சபைகளில் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, குரல் உயர்த்தாதவரையெல்லாம் தாழ்மையுள்ளவர் என்கிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. தென்னாட்டு ஜனங்களின் தெய்வங்களையும் வழிபாட்டையும் கேட்டுக் கேட்டு அவர் 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே அவர் மதித்த ஆசான் பிராங்கே, மிஷனரிகளை அனுப்பியது அஞ்ஞானத்தை அழிக்கத்தானே தவிர ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்கிற பாணியில் பதில் சொல்லி ஓரமாக வைத்துவிட்டார். அது அச்சில் வந்தது 1867-இல். பிராங்கே பக்தியில் குறைந்தவர் இல்லை. ஆனாலும் தன் மாணவன் தரையில் உட்கார்ந்து கற்றதை, நாற்காலியில் இருந்த அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

பெரியவர்கள் எல்லாரும் அப்படி என்றும் சொல்ல முடியாது. ஹிப்போவின் பிஷப் அகஸ்டின் 70 வயதைத் தாண்டிய பிறகு, தான் அதுவரை எழுதிய 93 நூல்களைத் திரும்ப வாசித்து, எங்கெங்கே பிசகினேன் என்று தனி நூலே எழுதினார். லூத்தர் 1530-இல், தான் வேத பண்டிதனும் பிரசங்கியுமாக இருந்தும், ஞானோபதேசம் என்ற ஆரம்பப் பாடம் படிக்கும் பிள்ளையைப் போலத் தினமும் காலையில் பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் வாய்விட்டுச் சொல்வதாக எழுதுகிறார். நாம் திடப்படுத்தல் முடிந்த மறுவாரமே ஞானோபதேசப் புத்தகத்தைப் பரணில் போட்டவர்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து 131-ஆம் சங்கீதத்தையும் சொல்கிறேன். மூன்றே வசனம்தான். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன் என்கிறது. பால்குடிக் குழந்தை என்று இல்லை, கவனியுங்கள். நம் வீடுகளில் பால் மறக்கடிக்க வேப்பெண்ணெயோ வேப்பிலை அரைத்தோ தடவுவார்கள். இரண்டு மூன்று ராத்திரி வீடே தூங்காது. பிள்ளைக்கு அம்மா மேல் அப்படியொரு கோபம். அப்புறம் ஒருநாள் அது தானாக வந்து மடியில் உட்காரும். இப்போது பாலுக்காக வரவில்லை, அம்மாவுக்காக வந்திருக்கிறது. எனக்கு மிஞ்சின கருமங்களில் தலையிடுகிறதில்லை என்று முதல் வசனம் சொல்வது இந்தப் பிள்ளையைத்தான். கசப்பைத் தின்று, அழுது, கேட்டுக் கேட்டு ஓய்ந்து, பதில் எல்லாம் கிடைக்காவிட்டாலும் மடியை விடாத பிள்ளை. கேட்கவே கூடாது என்று வாயைப் பொத்தி உட்காரவைத்த பிள்ளைக்கு இந்த அமைதி வராது.

போலித் தாழ்மை பற்றியும் நாலு வரி. சாட்சி சொல்லும்போது "ஒன்றுக்கும் உதவாத பாவி நான்" என்று ஆரம்பிப்பதைத் தாழ்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஆரம்பித்தவரின் பெயர் அர்ப்பணிப்பு விழா அழைப்பிதழில் விட்டுப்போகட்டும், அப்போது தெரியும். தன்னைத் தானே திட்டிக்கொள்வது சுலபம், அடுத்தவர் மெதுவாகச் சொல்வதைத் தாங்குவதுதான் முடியவில்லை.

நடைமுறைக்கு வந்தால், உங்கள் போதகரிடம் வசனத்தை வைத்து வாதாடப் போகாதீர்கள். "ஐயா, இது எனக்குப் புரியவில்லை, சேர்ந்து வாசிப்போமா?" என்று கேளுங்கள். சந்தேகம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் பயந்துவிடுகிறார்கள், புரியவில்லை என்றால் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவரும் பதில் தெரியாமல்தான் அந்த வரியைச் சொல்லியிருக்கலாம். பின்னால் 200 பேர் பார்த்துக்கொண்டிருக்க, தெரியாது என்று சொல்வது ஒரு போதகருக்கு லேசான காரியமில்லை. அப்படியும் வழி இல்லையென்றால், இரண்டு மூன்று பேராகப் பெரோயா ஊரார் செய்ததைச் செய்யுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இவ்வளவு எழுதிவிட்டேன், நான் எப்படி என்று கேட்பீர்கள். சில வருஷங்களுக்கு முன், குழந்தை இயேசுவைப் பார்க்கச் சாஸ்திரிகள் வரும் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "அண்ணா, சாஸ்திரிகள் மூணு பேருன்னு பைபிள்ல எங்க இருக்கு? மூணு காணிக்கைதான இருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முதல்ல உன் வசனத்தை ஒழுங்கா மனப்பாடம் பண்ணிட்டு வா, அப்புறம் கேள்வி கேட்கலாம்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வெட்கமான விஷயம் என்னவென்றால், அவள் சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரியும். மத்தேயுவில் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் இருக்கிறது, ஆட்கள் எண்ணிக்கை இல்லை என்று வாலிபர் வேதபாடத்தில் நானே கெட்டிக்காரத்தனமாகச் சொல்லியிருக்கிறேன். நாற்பது பிள்ளைகள் முன்னால் நாலாம் வகுப்புக்காரி சொன்னதுதான் பிரச்சினை. சீஷர்களுக்கு வந்த அதே வியாதி.

அடுத்த ஞாயிறு அதே நாற்பது பேர் முன்னால், அவள் சொன்னதுதான் சரி, நான் சொன்ன விதம் தப்பு என்று சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. "அப்போ எத்தனை பேர் வந்தாங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்போ அஞ்சு பேர் வெச்சுக்கலாமா? என் தம்பிக்கும் அவன் ஃபிரெண்டுக்கும் நாடகத்துல எதுவுமே இல்ல."

அந்த வருஷம் எங்கள் மேடைக்கு ஐந்து சாஸ்திரிகள் வந்தார்கள். ஜிகினா ஒட்டிய அட்டைக் கிரீடம் மூன்றுதான் இருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிவிட்டோம்.